ஏணிக் கம்பெனியின் மாமியார்

அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது மாமியார் உயிரோடு இல்லை. மாமனார், கணவன், அவள் என்று மூன்றே பேர். வீட்டின் பின்சுவரை ஒட்டியே கம்பெனி. முன்கதவைத் திறந்தால் தெரு, பின்கதவைத் திறந்தால் அலுமினியக் குழாய் அடுக்கு. மடக்கு ஏணிதான் அவர்களுடைய தொழில். வேலையாட்கள் நேரில் அவளை மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மருமகள் என்பார்கள். அவளுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

மாமனார் ஒற்றைத் துளை மெஷினை வைத்துக்கொண்டு தனி ஆளாய்த் தொடங்கிய கம்பெனி அது. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, யாருக்கு எத்தனை ஏணி போக வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. ஆனால் ஆர்டர் பெருகிய அளவுக்குத் தலை பெருகவில்லை. ரப்பர் கால்கள் மூன்று ரேக் நிறைய வழியும். கீல் ஒன்றுகூட இருக்காது. கீல் வந்து சேரும்வரை இருபது பேர் மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். கடைக்காரன் போன் போட்டுக் கேட்டால் "நாளைக்கு" என்பார்கள். அந்தக் கம்பெனியில் ஏணியைவிட அதிகமாக உற்பத்தியானது அந்த வார்த்தைதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவள். அங்கே ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். வாங்குவது, இருப்பு, செய்வது, விற்பது எல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஒரே திரையில் நிற்கும். இங்கேயும் போடலாமா என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். கணவன் சிரித்தான். மாமனார், "உனக்குச் சரின்னு பட்டா செய்ம்மா" என்றார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார். குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

போட்டு முடிக்க ஒரு வருஷம் போல ஆயிற்று. ஒவ்வொரு திருகாணிக்கும் ஓர் எண். உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் எந்தத் தொகுதியில் வந்தது என்று காட்டும் ஒரு லாட் எண். வெளியே போகும் ஒவ்வொரு ஏணியின் அடிப்பக்கத்திலும் ஒரு ஸ்டிக்கர். வேலையாட்கள் முணுமுணுத்தார்கள். ஒரு ஸ்பேனர் எடுக்கப் போனால்கூட எதுக்கு, யாருக்கு, எப்போ திருப்பித் தருவே என்று சாஃப்ட்வேர் கேள்வி கேட்டது. ஸ்டோர்காரருக்கு வாய்த் துடுக்கு அதிகம். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கையை விரித்துச் சொன்னார்: "மாமியார் இல்லாத வீடுன்னு நிம்மதியா வந்த பொண்ணு, போய் ஒரு மாமியாரைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கு பாருங்க!"

அன்றிலிருந்து சாஃப்ட்வேருக்கு அதுதான் பெயர். "மாமியார் விடமாட்டேங்குது", "மாமியாரைக் கேட்டுட்டு வா", "மாமியார் இன்னிக்கு நல்ல மூடுல இருக்கு." அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கம்பெனி நிமிர்ந்தது. கீல் தீரப்போவது தீர்வதற்கு முன்பே தெரிந்தது. முற்றத்தில் வழிமறித்துக் கிடந்த பாதி முடிந்த ஏணிகள் காணாமல் போயின. வேலையாட்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். சொன்ன தேதிக்குச் சரக்கு போனது. அதைப் பார்த்துத்தான் ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ஒரு பெரிய கடை அவர்களைத் தேடி வந்தது. கணவன் அந்தக் கடையின் பெயரைச் சொல்லும்போதே அவனுக்கு மார்பு ஓர் அங்குலம் விரியும்.

அந்தக் கடையின் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ரிவெட் தட்டுப்பாடு வந்தது. ஏணியின் படியைப் பக்கக் கம்பத்தோடு பிடித்து வைத்திருப்பது சின்ன விரல் நுனி அளவுள்ள அந்த ரிவெட்தான். வழக்கமாகக் கொடுப்பவர் கைவிரித்துவிட்டார். கொள்முதல் கணவன் பொறுப்பு. அவன் எங்கோ அலைந்து புது ஆளிடமிருந்து நாலு பெட்டி வாங்கி வந்து இறக்கினான். மாமியார் அதைச் சிவப்பில் நிறுத்தியது. புது ஆளிடம் வாங்கிய ரிவெட் என்றால் வெளிச் சோதனைக்கூடத்துக்கு மாதிரி போய், எவ்வளவு பாரம் தாங்கும் என்ற முடிவு வந்த பிறகுதான் பச்சையாகும். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். பச்சை போடும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். ஒருவர் தரம் பார்ப்பவர். அவர் மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்தார். மற்றது அவள்.

கணவன் அவள் மேஜை விளிம்பில் வந்து உட்கார்ந்தான்.

"பச்சை போடு."

"மாதிரியே இன்னும் போகலைங்க."

"போகும், நாளைக்கு அனுப்பு. வெளிய பாரு, அத்தனை பேரும் கையைக் கட்டிட்டு நிக்கிறான். நாளான்னைக்கு லாரி வந்து நிக்கும். வெறும் லாரியைத் திருப்பி அனுப்பினா அதோட அந்தக் கடை போச்சு."

"ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லிப் பேசிப் பாருங்களேன்."

"உன் மாமியாருக்காக நான் அவங்க கால்ல விழணுமா?"

சத்தம் கேட்டு மாமனார் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். பெட்டியிலிருந்து ஒரு ரிவெட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். வெளியே போய் இரண்டு துண்டுத் தகட்டில் அடித்துப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, திரும்பி வந்தார். நாற்பது வருஷம் ரிவெட் அடித்த கை.

"நல்லாத்தாம்மா பிடிக்குது. நான் பார்க்காத ரிவெட்டா? என் பேச்சுல போடு. நான் இருக்கேன்ல."

அவள் விசைப்பலகையில் கை வைத்தாள். காரணம் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. 'அவசரம்' என்று தட்டினாள். சிவப்பு பச்சையானது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. கணவன் அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

மாதிரி சோதனைக்குப் போகவேயில்லை. தினமும் காலையில் அவள் திரையில் சிவப்பில் நிற்பவை மட்டும்தான் வரிசையாக வரும். இதுதான் பச்சையாகிவிட்டதே. பட்டியலில் இருந்து மறைந்தது மனசில் இருந்தும் மறைந்தது. லாரி நிறைந்து போனது. கடை அடுத்த ஆர்டரைக் கொடுத்தது.

சில மாதம் கழித்து ஒரு முற்பகலில் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது.

"ஏணி பண்றது நீங்கதானா?"

"ஆமாங்க."

"ஒரு பெயின்டர் மாடிப்படிச் சுவருக்கு வெள்ளையடிக்க ஏறியிருக்கார். மேல்படி பிடுங்கிட்டு வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டார். ஏணிக்கு அடியில ஒரு நம்பர் இருக்கு, படிக்கிறேன், எழுதிக்குங்க."

அவள் எழுதிக்கொள்ளவில்லை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் படிக்கப் படிக்கத் தட்டினாள். அவர் கடைசி எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் எல்லாம் வந்துவிட்டது. எந்தக் குழாய், எந்தக் கீல், எந்த ரிவெட் பெட்டி, அந்தப் பெட்டியை யார் பச்சையாக்கியது. கடைசி இடத்தில் அவள் பெயர். பக்கத்தில் காரணம்: அவசரம்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

பழைய கம்பெனியாக இருந்தால் இந்த போனுக்குப் பதில் சுலபம். வருஷத்துக்கு எத்தனையோ ஆயிரம் ஏணி போகுது, அவர் எப்படி வச்சு ஏறினாரோ, யாருக்குத் தெரியும்? தெரியாது என்பது தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு நல்ல தலையணையாக இருந்தது. அதை அவளே உருவி எறிந்திருந்தாள். இப்போது அந்த ரிவெட்டில் செய்த ஏணிகள் இருநூற்றுச் சொச்சம் என்று தெரிந்தது. எந்தெந்த ஊர்க் கிளையில் எத்தனை இறங்கின என்று தெரிந்தது. போனை வைத்ததும் அவள் அழவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. அத்தனை கிளைக்கும், இந்த எண்ணுள்ள ஏணியை விற்காதீர்கள், விற்றதைத் தேடித் திரும்ப வாங்குங்கள், யாரும் ஏற வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். 

கணவனுக்கும் காவல் நிலையத்திலிருந்து போன் வந்திருந்தது. அவன் வந்து அறைக்கதவைச் சாத்தினான். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"சாஃப்ட்வேர்காரன்கிட்ட பேசிட்டேன்" என்றான் கணவன். "பழசை அழிக்க முடியாதாம். ஆனா தப்பா பதிவாயிடுச்சுன்னு திருத்தம் போடலாமாம். அந்த ஏணிக்கு மட்டும் வேற ரிவெட் நம்பரைக் காட்டிட்டா முடிஞ்சுது. ஒரு ஏணி விழுந்ததுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்."

"மத்த ஏணிங்க?"

"மத்தது எதுவும் விழலியே."

"எல்லாத்தையும் திரும்பக் கேட்டு அனுப்பிட்டேங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. "யாரைக் கேட்டு அனுப்பினே?"

"நீங்க யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் மாமனாரைப் பார்த்தான். "அப்பா, சொல்லுங்க இவகிட்ட. நீங்க நடத்தின கம்பெனி இது. மண்ணோட மண்ணாப் போகப்போகுது."

மாமனார் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். பிறகு, "போனது போயிடுச்சு. மத்ததாவது வரட்டும்டா" என்றார்.

ஏணிகள் வரத் தொடங்கின. சில அட்டைப்பெட்டி பிரிக்காமலே வந்தன. சிலவற்றில் பெயின்ட் துளிகள், சிமென்ட் காரை. ஒன்றில் சின்னக் குழந்தையின் கால்சட்டை காயப் போட்டபடியே வந்து சேர்ந்தது. முற்றத்தில் சாய்த்து வைத்துப் படியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். முதல் மூட்டைக்குத் தாங்கியது. இரண்டாவது மூட்டைக்கு ரிவெட்டின் தலை பட்டென்று தெறித்துச் சுவரில் அடித்தது. அடுத்த ஏணியும் அப்படியே. அதற்கடுத்ததும்.  மாமனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு குழாய் அடுக்கின் மேல் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டன. நாலு ஏணி வரவில்லை. யாரோ ரொக்கம் கொடுத்து, பெயர் சொல்லாமல் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். மாமியாரின் கண் கடை வாசல் வரைக்கும்தான் எட்டும்.

பெயின்டரின் வீட்டுக்கு அவள் தனியாகப் போனாள். வக்கீல் போகவே கூடாது என்றிருந்தார். குறுகலான படிக்கட்டு ஏறி இரண்டாம் மாடி. கதவு திறந்தே இருந்தது. அறைக்குள் ஒரு சுவருக்கு மட்டும் வெளிர் நீலம் அடித்திருந்தது, மற்ற மூன்றும் காரை பெயர்ந்து கிடந்தன. பெயின்டரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே உட்காரச் சொன்னாள்.

"ஏணிக் கம்பெனியில இருந்து வர்றேன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவர்கிட்ட ஒரு பழைய மர ஏணி இருந்துச்சு. ஆட்டம் குடுக்குதுன்னு நான்தான் நச்சரிச்சேன். புதுசு வாங்கிட்டு வந்து, இப்போ திருப்தியான்னு கேட்டார்."

வெளியே யாரோ பக்கெட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"யாரு தப்புன்னு கண்டுபிடிச்சாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் தப்பு. சோதிக்காம நான்தான் விட்டேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள், அழுவாள் என்று மருமகள் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"சொல்லிட்டீங்கள்ல. போங்க."

அவள் மறுபடி துணியை எடுத்துக்கொண்டாள். ஓர் ஆம்பளைச் சட்டை. அதை மடித்து எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மருமகள் படியிறங்கினாள். 

விசாரணை அதிகாரி கம்பெனிக்கு வந்தபோது எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் புரட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "இந்த மாதிரிக் கேஸ்ல ஒரு துண்டுச் சீட்டு வாங்க நாக்குத் தள்ளிடும். நீங்க தட்டுல வச்சு நீட்றீங்களே" என்றார். வாங்கியது குற்றமில்லை, சோதிக்காமல் விட்டதுதான் குற்றம் என்று விளக்கினார். கணவன், அந்தச் சரக்கு சோதனைக்கு நிற்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் எதிரிலேயே போட்டான். பேனாவை மூடி சட்டைப்பையில் செருகும்போதுகூட அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமனார் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போனார். திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"நான் சொல்லித்தான் அவ செஞ்சான்னு சொன்னேம்மா. என் பேச்சுலதான் போட்டான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க மாமா?"

"எல்லாக் கம்பெனிக்காரனும் இப்படித்தான்யா வயசானவரை அனுப்பி வைப்பான்னு சிரிக்கிறார். அந்தக் காகிதத்தை எடுத்து முன்னாடி போட்டு, இதுல உங்க பேர் எங்க இருக்கு, விரல் வச்சுக் காட்டுங்கன்னார்." விரலை மடக்கிக்கொண்டார். "எங்கயுமே இல்லம்மா."

உண்மைதான். அவள் ஏற்படுத்திய அத்தனை கட்டங்களில் பொத்தானை அழுத்தியவருக்கு இடம் இருந்தது. அழுத்தச் சொன்னவருக்கு இடமில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கம்பெனி மண்ணாகப் போகவில்லை. அந்தப் பெரிய கடைக்கு அத்தனை ஏணிகளும் இவ்வளவு சீக்கிரம் திரும்பியது பிடித்துப்போயிற்று. மற்றவர்களாக இருந்தால் மொத்தச் சரக்கையும் எடுக்கச் சொல்லியிருப்போம், நீங்கள் கையை வைத்து இதுதான் என்று காட்டினீர்கள் என்று எழுதினார்கள். இன்னும் பெரிய ஆர்டர் வந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்ததால் அவளுடைய கடவுச்சொல்லை ரத்து செய்தார்கள். அவளுடைய நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்தான்.

உற்பத்தியாளர்கள் கூட்டம் ஒன்றில் பேசக் கணவனைக் கூப்பிட்டார்கள். ஈ.ஆர்.பி. தொழிலை எப்படி உயர்த்துகிறது என்பது தலைப்பு. அவனுக்கு அதில் பாதி தெரியாது. ஒரு சாயங்காலம் அவளிடம் வந்து, "நீயே எழுதிக் குடேன், உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றான். அவள் எழுதிக் கொடுத்தாள். கீல் தீர்ந்த கதை, நாளைக்கு என்ற கதை, முற்றம் காலியான கதை. கடைசியில் அந்தப் பெயின்டரைப் பற்றி மூன்று வரி.

அரங்கின் பின்வரிசையில் மாமனாரும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் நன்றாகவே பேசினான். மாமியார் வேடிக்கையைச் சொன்னபோது அரங்கமே சிரித்தது. ஒரு போன் பேசி முடிப்பதற்குள் பழுதான ஏணிகள் அத்தனையும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்தோம் என்றான். கைதட்டினார்கள். அந்த மூன்று வரி வந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பினான். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் அந்த ரிவெட் எப்படி வெளியே போனது என்று கேட்டார்.

"சிஸ்டம் சரியாத்தான் நிறுத்துச்சு சார்" என்றான் கணவன். "மனிதத் தவறு."

எல்லாரும் புரிந்துகொண்டவர்களாகத் தலையாட்டினார்கள். மாமனார் எழுந்தார். முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது.  பக்கத்து இருக்கைக்காரர் அவர் வெளியே போக வழி கேட்கிறார் என்று நினைத்து, காலை மடக்கி வழி விட்டார். மாமனார் போனார். அவளும் பின்னால் போனாள்.

தீர்ப்பு வந்தது. சிறை. வக்கீல் பயப்படுத்தியதைவிடக் கொஞ்சம் குறைவு. தண்டனை வாசிக்கும்போது பெயின்டரின் மனைவி நீதிமன்றத்துக்கு வரவில்லை. கணவன் முதல் மாதம் ஒருமுறை பார்க்க வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெளியே வண்டியை நிறுத்த இடமில்லை என்று சொன்னான். அதற்குப் பிறகு அவனுடைய வக்கீல்தான் வந்தார், விவாகரத்துக் காகிதத்தோடு. அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மாமனார் மட்டும் பார்வை நாள் ஒன்றையும் விடவில்லை. ஒருமுறை மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவர், வழக்கத்துக்கு மாறாக முகம் மலர்ந்திருந்தார்.

"சாஃப்ட்வேர்காரனைக் கூப்பிட்டுப் புதுசா ஒரு கட்டம் போட வச்சேம்மா. பச்சை போடறதுக்கு முன்னாடி, யார் சொல்லி விடறேன்னு எழுதணும். எழுதினாத்தான் நகரும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதான் மாமா. எழுதுறாங்களா?"

"எழுதினாங்க." அவர் மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "ரெண்டு வாரம் எழுதினாங்க. சரக்கு தேங்குதுன்னு என் பையன் அந்த ஆளைக் கூப்பிட்டு, காலியா விட்டாலும் ஓடற மாதிரி மாத்திட்டான்."

இருவருக்கும் நடுவில் இருந்த கம்பி வலையில் யாரோ எப்போதோ கட்டிவிட்டுப் போன நூல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் அதைப் பார்த்தபடி, "நீ வெளிய வந்ததும் எங்க போவே?" என்று கேட்டார்.

"அக்கா வீட்டுக்கு. அவங்க மாடி அறை காலியாத்தான் இருக்கு."

"அங்க நான் வரலாமா?"

"இதென்ன கேள்வி மாமா? வாங்க."

காவலர் நேரமாயிற்று என்று மேஜையைத் தட்டினார். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். போன தடவையைவிட இப்போது அதிகமாகச் சாய்ந்து நடக்கிறார் என்பதை அவள் பார்த்தாள்.

"மாமா, பஸ்ஸை விட்டு இறங்கி இவ்வளவு தூரம் நடந்து வராதீங்க. ஒரு வண்டி பிடிச்சு வாங்க."

"சரிம்மா" என்றார். ஆனால் அவர் நடந்துதான் வருவார் என்று அவளுக்குத் தெரியும்.